‘இது கனவு’ என்று கனவிலேயே நினைவுக்கு வருவது எப்படி?

தேர்வு அறை. கேள்வித்தாளில் ஒரு கேள்விகூடப் படித்த பாடத்திலிருந்து வரவில்லை. பக்கத்து மேசையில், காலமாகிப் பத்து ஆண்டுகள் ஆன தாத்தா உட்கார்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில் வியப்பே இல்லை. அவர் அதற்குள் கூடுதல் தாள் வாங்கிவிட்டாரே, நான் முதல் பக்கத்தையே தாண்டவில்லையே என்ற பதற்றம் மட்டும்தான்.

விழித்த பிறகு என்னை உறுத்தியது தேர்வு அல்ல, என்னுடைய மந்தத்தனம். இறந்துபோனவர் பக்கத்தில் அமர்ந்து தேர்வு எழுதுகிறார்; ‘இது எப்படி முடியும்?’ என்று ஒரு நொடிகூடக் கேட்கத் தோன்றவில்லை. சிலருக்குச் சில இரவுகளில் அந்தக் கேள்வி தோன்றிவிடுகிறது. கூடவே ‘அட, இது கனவு’ என்ற விடையும் வந்துவிடுகிறது. ஆனாலும் விழிப்பு வருவதில்லை, கனவு பாட்டுக்குத் தொடர்கிறது. கனவு கண்டுகொண்டிருக்கும்போதே அது கனவு என்று தெரிந்திருக்கும் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்று பெயர். இங்கே அதைத் தெளிகனவு என்று சொல்லப்போகிறேன்.

இதைப் பற்றிய பேச்சு ஏராளம். ஒருவர் உயிர் உடலை விட்டு வெளியேறும் பயணம் என்பார். இன்னொருவர் ஏழே நாளில் கனவுலகத்தின் சக்கரவர்த்தி ஆகலாம் என்பார். மூன்றாமவர் எல்லாமே கட்டுக்கதை என்று ஒரே போடாகப் போடுவார். மூவருமே தவறு. கற்றுக்கொள்ளக்கூடிய, ஆனால் மெதுவாக வரும் ஒரு பழக்கம் இது. அதன் உள்வேலையைப் புரிந்துகொண்டால் எந்த முறை ஏன் பலிக்கிறது, எது வெறும் சடங்கு என்பது தானாக விளங்கிவிடும்.

பின்வரிசையில் ஓர் இருமல்

ஒரு நாடகத்தில் மூழ்கிப்போயிருக்கிறீர்கள். மேடையில் ஒருவன் கத்தியை உருவுகிறான். உங்கள் கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றுகிறது. அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் யாரோ இருமுகிறார். சட்டென்று உறைக்கிறது: நான் அரங்கில் உட்கார்ந்திருக்கிறேன், நடப்பது நாடகம். அதனால் நாடகம் நின்றுவிடவில்லை. கத்தி அங்கேயே மின்னுகிறது, பயம்கூடக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டுமே மாற்றம்.

அந்த இருமலைக் கனவுக்குள் எப்படி வரவழைப்பது என்பதுதான் தெளிகனவுப் பயிற்சி முழுவதும்.

இருமல் காதில் விழுந்ததால் நீங்கள் நாடகத்தின் இயக்குநர் ஆகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். கனவு என்று தெரிவது ஒன்று, கனவை விரும்பியபடி மாற்றுவது வேறொன்று. கனவு என்று நன்றாகத் தெரிந்த பிறகும், இந்தக் கதவுக்கு அப்பால் கடல் இருக்கட்டும் என்று நினைத்துத் திறந்தால், அங்கே சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் மாடிப்படி நிற்கும். மறுபுறம், கனவு என்றே தெரியாமல் விரும்பிய திசையில் பறந்து மகிழ்பவர்களும் உண்டு. அவர்கள் கனவைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனால் அது தெளிகனவு ஆகாது.

பளிச்சென்ற வண்ணங்களோடு, விழித்த பின்னும் மறக்காமல் நிற்கும் கனவைத் தெளிகனவு என்று சொல்வதும் இதே குழப்பம்தான். தெளிவு என்பது இங்கே படத்தின் தெளிவு இல்லை, பார்ப்பவரின் தெளிவு. மங்கலான, அரைகுறையான காட்சியில்கூட ‘கனவில் இருக்கிறேன்’ என்று தெரிந்தால் அது தெளிகனவுதான்.

இதுவரை பார்த்தது: கனவு நடக்கும்போதே அது கனவு என்று தெரிய வேண்டும், இதற்கு வேறு நிபந்தனை கிடையாது. கட்டுப்பாடு, பறத்தல், பளிச்சென்ற காட்சி எல்லாம் வந்தால் வரவு.

கண்கள் அனுப்பிய தந்தி

சந்தேகக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கனவில் தெளிவு வருவதைப் பற்றி அரிஸ்டாட்டில் காலத்திலேயே குறிப்பு இருக்கிறது. திபெத்திய பௌத்தத்தில் கனவு யோகம் என்று தனிப் பயிற்சியே உண்டு. டச்சு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன் 1913இல் தம் கனவுகளை ஆராய்ந்து எழுதியபோது பயன்படுத்திய பெயர்தான் இன்று நிலைத்திருக்கிறது. ஆனால் இவை எல்லாமே விழித்த பின் சொன்ன வாக்குமூலங்கள். ‘நீங்கள் அப்போது அரைத் தூக்கத்தில் இருந்திருப்பீர்கள், அதைக் கனவு என்று நினைத்துக்கொண்டீர்கள்’ என்று யாராவது மறுத்தால் பதில் சொல்ல வழியில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலிருந்தே சாட்சி சொன்னால் ஒழிய வழக்கு தீராது.

சாட்சி சொல்வதற்கோ உடல் இடம் கொடுக்காது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்கு அடியில் கண்கள் விரைந்து அசைவதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். இதை விரைவிழி உறக்கம் என்போம். இந்தக் கட்டத்தில் கை, கால், கழுத்துத் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை மூளைத்தண்டு தடுத்துவிடுகிறது. நல்லதுதான், இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து விழுந்திருப்பார். இந்தத் தடைக்குத் தப்பியவை மிகச் சில: மூச்சுவிட உதவும் உதரவிதானம், கண்களை அசைக்கும் தசைகள்.

கண்கள் தப்பிவிட்டன என்ற இந்த ஒரு ஓட்டைதான் வழக்கைத் தீர்த்தது. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், அடிக்கடி தெளிகனவு காணும் ஆலன் வோர்ஸ்லி என்பவரை ஆய்வாளர் கீத் ஹெர்ன் தூங்க வைத்தார். கனவு என்று தெரிந்ததும் கனவுக்குள்ளேயே கண்களை இடமும் வலமுமாக முன்பே பேசிவைத்த முறையில் அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூளை அலைகளும் தசைப் பதிவும் அவர் விரைவிழி உறக்கத்தில் இருப்பதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கண் பதிவின் கோட்டில் அந்த ஒழுங்கான இட-வல அசைவு வந்து விழுந்தது. தந்தி வந்து சேர்ந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லாபெர்ஜ் இதே உத்தியைத் தனியாகக் கண்டடைந்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டார்.

2021இல் நான்கு நாடுகளைச் சேர்ந்த ஆய்வுக்குழுக்கள் ஒரு படி மேலே போயின. கனவில் இருப்பவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? தூங்கிக்கொண்டிருந்தவர் கண்களை இரண்டு முறை இட-வலமாக அசைத்தார். எல்லா முயற்சியும் இப்படிப் பலிக்கவில்லை, சரியான விடை வந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எனக்கு அந்த ஐந்தில் ஒன்றே போதும். உறங்கும் ஒருவர் உறக்கத்தைக் கலைக்காமல் கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறார்!

இதே தந்தி முறையால் இன்னொரு கட்டுக்கதையும் உடைந்தது. கனவின் ஒரு நொடிக்குள் வருடங்கள் ஓடிவிடும் என்பார்கள். கனவில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணால் சைகை காட்டச் சொன்னபோது, விழித்திருக்கையில் எண்ணுவதற்கு ஆகும் நேரமே ஏறத்தாழ ஆனது.

எந்த விளக்கு அணைந்திருக்கிறது?

தாத்தா விஷயத்துக்குத் திரும்புவோம். ஏன் கேள்வி எழவில்லை?

விரைவிழி உறக்கத்தில் மூளை ஓய்வெடுப்பதில்லை. காட்சிகளைக் கட்டும் பகுதிகளும் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளும் சுறுசுறுப்பாகவே இருக்கின்றன. பயமும் படமும் அதனால்தான் அவ்வளவு உண்மையாக இருக்கின்றன. ஆனால் நெற்றிக்குப் பின்னால், பக்கவாட்டில், ‘இது முன்பின் பொருந்துகிறதா?’ என்று சரிபார்க்கும் பகுதி ஒன்று இருக்கிறது. விழிப்போடு ஒப்பிட்டால் அதன் வேலை இந்த நேரத்தில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் வேலை செய்கிறார்கள், கணக்கைத் தணிக்கை செய்பவர் மட்டும் விடுப்பில் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ரசீது கொடுத்தாலும் ‘சரி’ என்று முத்திரை விழும். தாத்தாவின் ரசீதும் அப்படித்தான் தேறியது.

தெளிகனவில் அந்தத் தணிக்கையாளர் கொஞ்ச நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார். மூளைப் படப்பதிவுகள் இதைச் சுட்டுகின்றன. ஆனால் ஸ்கேன் கருவிக்குள் படுத்துத் தெளிகனவு காண்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? மிகச் சிலரிடம் எடுத்த பதிவுகள் என்பதால் ஆய்வாளர்கள் அடக்கமாகவே பேசுகிறார்கள்.

நேரக் கணக்கு ஒன்றும் முக்கியம், பின்னால் வரும் முறைகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. இரவின் தொடக்கச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கமே அதிகம், விரைவிழி உறக்கம் சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க நிலைமை தலைகீழாகிறது: ஆழ்ந்த உறக்கம் மெலிந்து, விரைவிழிக் கட்டங்கள் நீள்கின்றன. நீண்ட, கதைபோன்ற கனவுகள் விடியற்காலையில் வருவதற்கு இதுதான் காரணம். இரவு பத்து மணிக்குப் படுக்கையில் விழுந்தவுடன் தெளிகனவுக்கு முயல்வது, பஸ் வராத நேரத்தில் நிறுத்தத்தில் போய் நிற்பதைப் போன்றது.

சுருங்கச் சொன்னால், கனவில் சரிபார்க்கும் வேலை மந்தமாக இருக்கிறது. கனவு அதிகம் விளைவது இரவின் கடைசிப் பகுதியில். முதலாவதைக் கொஞ்சம் எழுப்ப வேண்டும், இரண்டாவதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு குறிப்பேடு

எல்லோரும் தாண்டிப்போக நினைக்கும் படி இது. ‘எனக்குக் கனவே வருவதில்லை’ என்பவருக்கும் கனவு வருகிறது, நினைவில் தங்குவதில்லை, அவ்வளவுதான். நினைவைப் பதிய வைக்க உதவும் நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருள் விரைவிழி உறக்கத்தில் ஏறக்குறைய வற்றிவிடுகிறது. எனவே விழித்த சில நிமிடங்களில் கனவு கைநழுவிப் போகிறது. நினைவில் நிற்காத தெளிகனவு வந்தும் வராததற்குச் சமம்.

தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். விழித்ததும் எழுந்திருக்காதீர்கள், புரண்டும் படுக்காதீர்கள். எந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தீர்களோ அப்படியே இருந்து, கண்ணைத் திறக்காமல், ‘இப்போது எங்கே இருந்தேன்?’ என்று கேளுங்கள். கடைசிக் காட்சி அகப்படும். அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று நூலைப் பின்னோக்கி இழுங்கள். பிறகு எழுதுங்கள். இலக்கியம் வேண்டாம். என் நோட்டின் ஒரு பக்கம் இது: “ரயில் நிலையம். மழை இல்லை, ஆனால் தரை ஈரம். யாரோ என் பெட்டியை வைத்திருக்கிறார். செருப்பு ஒன்று இல்லை. தேடினேன். முடிவு தெரியவில்லை.”

எழுதத் தொடங்கிய முதல் சில நாட்களில் பக்கம் வெறுமையாக இருக்கலாம். ‘ஏதோ பச்சை நிறம்’ என்று மட்டும் இருந்தாலும் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் ஒரு இரவுக்கு ஒரு கனவாவது தேறத் தொடங்கும். அதன்பின் பழைய பக்கங்களைப் புரட்டினால் ஒரு விசித்திரம் புலப்படும்: ஒரே மாதிரியான அபத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவருக்குப் பல் உதிரும். இன்னொருவருக்குப் பழைய பள்ளிக்கூடம். மற்றொருவருக்கு வேலை செய்யாத செல்பேசி. இப்படி ஒருவருடைய கனவுகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளத்தைக் கனவுக்குறி என்று சொல்லலாம். என்னுடையது கொஞ்சம் கௌரவக் குறைவானது. பாதிக் கனவுகளில் நான் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூக்கைப் பிடித்துப் பார்ப்பது

அதிகம் பேசப்படும் முறை இது. பகலில் பலமுறை ‘நான் இப்போது விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா?’ என்று கேட்டுச் சோதித்துப் பார்ப்பது. இதை நனவுச் சோதனை என்போம். பகலில் ஊறிப்போன பழக்கம் கனவிலும் தலைகாட்டும், அங்கே சோதனையின் முடிவு வேறு மாதிரி வரும் என்பது கணக்கு. ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலி இந்தக் கேள்விகேட்கும் மனப்பாங்கை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்.

நம்பகமான சோதனைகள் இரண்டு. வாயை மூடி, மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். நனவில் முடியாது. கனவில் நீங்கள் பிடித்திருப்பது கனவு மூக்கைத்தான். கட்டிலில் கிடக்கும் உண்மையான மூக்கு திறந்தே இருப்பதால் காற்று சுகமாக உள்ளே போகும். அடுத்தது, ஏதாவது ஒரு வரியைப் படித்துவிட்டு, பார்வையை விலக்கி, மறுபடி படிப்பது. கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடுகிறது. ஒன்பது மணி காட்டிய கடிகாரம் திரும்பிப் பார்ப்பதற்குள் நாலே கால் ஆகிவிடும். மூளை காட்சியைச் சேமித்து வைப்பதில்லை, பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டுகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மணிக்கொரு முறை செல்பேசியில் அலாரம் வைத்து மூன்று வாரம் மூக்கைப் பிடித்தேன். நான்காவது வாரம், ஒரு கனவில், தண்ணீருக்கு அடியில் நடந்துகொண்டே மூக்கைப் பிடித்தேன். மூச்சு தாராளமாகப் போயிற்று. ‘நல்லது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு மேலே நடந்தேன்.

தவறு எங்கே என்று தெரிகிறதா? சோதனை விரலுக்குப் பழகியிருந்தது, சந்தேகம் மனத்துக்குப் பழகவில்லை. பகலில் மூக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ‘விழித்துத்தான் இருக்கிறேன்’ என்ற விடையை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுப் பிடித்தேன். கனவிலும் அதையே செய்தேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை செய்தால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் நின்று, இங்கே எப்படி வந்தேன், பத்து நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தேன் என்று மெய்யாகவே யோசிக்க வேண்டும். கனவில் இந்தக் கேள்விக்கு விடை இருக்காது. கனவுகளுக்குத் தொடக்கம் கிடையாது. அலாரத்தைவிடக் கனவுக்குறி நல்ல தூண்டுகோல்: உங்கள் குறி எதுவோ அதை நனவில் எதிர்ப்படும்போதெல்லாம் சோதித்துப் பாருங்கள்.

இப்படிச் செய்தாலும் நனவுச் சோதனையை மட்டும் நம்பியிருப்பது பலவீனமான வழி. அதை வலுவாக்கும் கூட்டாளி அடுத்து வருகிறது.

விடியற்காலை நினைவூட்டல்

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் மருந்து வாங்க வேண்டும். வீட்டில் நூறு முறை ‘மருந்து, மருந்து’ என்று உருப்போட்டாலும், கடையைத் தாண்டிப் போய்விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தலையில் அடித்துக்கொள்வோம். மாறாக, காலையிலேயே அந்தத் தெருமுனையை மனக்கண்ணில் பார்த்து, ‘அந்தச் சிவப்புப் பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துவேன்’ என்று ஒருமுறை ஒத்திகை பார்த்திருந்தால், பலகை கண்ணில் பட்டதும் மருந்து நினைவுக்கு வந்துவிடும். செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய கணத்தில் தானாக நினைவுக்குக் கொண்டுவரும் இந்தத் திறனுக்கு உளவியலில் முன்னோக்கு நினைவாற்றல் என்று பெயர்.

லாபெர்ஜ் தம் ஆய்வுக்குத் தேவையான தெளிகனவுகளைத் தாமே விளைவிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: தெளிகனவை முன்னோக்கு நினைவாற்றலின் வேலையாக மாற்றிவிடுவது. கடைக்குப் பதில் கனவு, சிவப்புப் பலகைக்குப் பதில் கனவுக்குறி. 1980இல் அவர் இதை வெளியிட்டார். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து மைல்ட் என்று அழைப்பார்கள். நாம் நினைவூட்டல் முறை என்போம். இதை விடியற்காலையில் செய்வதுதான் பலம்.

இப்படிச் செய்யுங்கள். படுத்து ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் வையுங்கள். அலாரம் அடித்ததும் அதை அணைத்துவிட்டு, அசையாமல் கிடந்து, கண்டுகொண்டிருந்த கனவைப் பிடியுங்கள். எழுந்து விளக்கைப் போட்டு எழுதுங்கள். பத்து இருபது நிமிடம் விழித்திருங்கள். செல்பேசியை மட்டும் கையில் எடுக்காதீர்கள், தூக்கம் போயே போய்விடும். பிறகு திரும்பப் படுத்து, ‘அடுத்த முறை கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பது எனக்கு நினைவுக்கு வரும்’ என்று மனத்துக்குள் சொல்லுங்கள். சொல்லும்போதே சற்றுமுன் கண்ட கனவுக்குள் மறுபடி நுழைவதாகக் கற்பனை செய்யுங்கள். அதில் கனவுக்குறி வந்த இடத்தில் நின்று, ‘இது கனவல்லவா!’ என்று கண்டுகொள்வதாக ஒத்திகை பாருங்கள். வாக்கியம், காட்சி, மறுபடி வாக்கியம், மறுபடி காட்சி. இப்படியே தூங்கிப்போங்கள். வாக்கியம் கிளிப்பிள்ளைப் பாடமாக மாறுவது தெரிந்தால் நிறுத்திவிட்டு, சொல்லும் பொருளை நினைத்து மறுபடி தொடங்குங்கள்.

2017இல் ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி நடத்திய ஆய்வில் 169 பேர் பங்கெடுத்தார்கள். நனவுச் சோதனை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் எழுந்து படுத்தல், நினைவூட்டல் முறை ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு வாரம் செய்தவர்களுக்கு, முயன்ற இரவுகளில் ஏறக்குறைய 17 சதவீதத்தில் தெளிகனவு வந்தது. ஒத்திகையை முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களிடம் இது 46 சதவீதத்தை எட்டியது. ஒத்திகைக்கும் கனவுக்கும் இடைவெளி குறையக் குறைய நினைவு வழியில் சிந்தாமல் போய்ச் சேருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதனால் இடையில் விழித்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும்: படுத்தவுடன் தூங்குபவர் கொஞ்சம் அதிக நேரம் விழித்திருக்கலாம், தூக்கம் பிடிக்காதவர் ஐந்தே நிமிடத்தில் திரும்பப் படுப்பது நல்லது.

17 சதவீதம் என்பதை இன்னொரு விதமாகப் படித்தால், பயிற்சி செய்த ஆறு இரவுகளில் ஐந்து இரவுகள் எதுவும் நடக்கவில்லை. ஏழு நாள் சக்கரவர்த்திகள் இந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை.

தொகுத்துப் பார்த்தால்: குறிப்பேடு கனவுக்குறியைத் தருகிறது, பகல் சோதனை சந்தேகத்தைப் பழக்குகிறது, விடியற்காலை ஒத்திகை இரண்டையும் கனவின் வாசலுக்கே கொண்டுபோகிறது.

குறுக்கு வழிகள்

விழிப்பிலிருந்து நினைவு அறாமல் நேரே கனவுக்குள் நுழையும் முறை ஒன்றும் உண்டு. உடலைத் தூங்கவிட்டு, கண்முன் மிதக்கும் வண்ணங்களையும் துண்டுக் காட்சிகளையும் வேடிக்கை பார்த்தபடியே இருந்தால், அவை கூடிக் கனவாகும். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். தொடக்கநிலையினருக்கு இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலானோர் தூங்கிப்போவார்கள், அல்லது தூக்கத்தைத் தொலைத்துவிட்டுக் கொட்டக்கொட்ட விழித்திருப்பார்கள். சிலருக்கு உறக்க முடக்கம் வரும்: மூளை விழித்துவிட, விரைவிழி உறக்கத்தின் தசைத்தடை விலகாமல் நிற்கும் நிலை. கைகால் அசையாது, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்பதுபோன்ற உணர்வு. பேய் அமுக்குகிறது என்று சொல்வது இதைத்தான். ஆபத்தில்லை, தானாக விலகிவிடும். ஆனால் தெரியாமல் மாட்டிக்கொண்டால் கதிகலங்கிவிடும்.

கனவு நேரத்தில் விளக்கை மினுக்கும் முகமூடிகள் விற்கிறார்கள். ஒன்றை வாங்கினேன். அது என்னைத் தவறாமல் எழுப்பிவிட்டது, கனவில் அல்ல.

மாத்திரையும் உண்டு. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமைன் என்ற மருந்தை வைத்து 2018இல் லாபெர்ஜ் குழு 121 பேரிடம் ஆய்வு வெளியிட்டது. விடியற்காலைப் பயிற்சியோடு வெற்று மாத்திரை தந்த இரவில் 14 சதவீதத்தினருக்கும், 4 மில்லிகிராம் தந்த இரவில் 27 சதவீதத்தினருக்கும், 8 மில்லிகிராம் தந்த இரவில் 42 சதவீதத்தினருக்கும் தெளிகனவு வந்தது. எண்கள் பெரிதுதான். ஆனால் இது இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய, குமட்டல் தரக்கூடிய மருந்து. கனவு ஆசைக்காக மருத்துவரைக் கேட்காமல் விழுங்குவது மடத்தனம்.

பயிற்சிக்கும் எல்லை வேண்டும். ஐந்து மணி நேரத்தில் எழுவதை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் தாமதமாக எழ முடிகிற இரவாகப் பாருங்கள். தூக்கமின்மை உள்ளவர்களும், இல்லாததைக் கேட்கிற, காண்கிற மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் இதைத் தொடாதிருப்பது நல்லது. எது நனவு என்ற கேள்வி ஏற்கெனவே நோயாக இருக்கும்போது, அதை மேலும் கிளறக் கூடாது.

கண்டுகொண்ட பிறகு

முதல் தெளிகனவு பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். ‘இது கனவு!’ என்ற மகிழ்ச்சியே ஆளை எழுப்பிவிடும். காட்சி மங்கத் தொடங்கினால் கனவுக் கைகளை ஒன்றோடொன்று தேயுங்கள், அருகிலுள்ள சுவரைத் தொட்டுப் பாருங்கள், தரையின் சொரசொரப்பைக் கவனியுங்கள். கனவு உடலின் உணர்வில் கவனம் நிறைந்திருக்கும்போது, கட்டிலில் கிடக்கும் உடலை உணர இடம் குறைகிறது. பறக்கும் ஆசையை முதல் நிமிடம் முடியும்வரை ஒத்திவையுங்கள். விழித்துவிட்டதாகத் தோன்றினால் அங்கேயும் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். விழித்ததாகக் கனவு காணும் பொய்விழிப்பு இந்த நேரத்தில்தான் அதிகம் ஏமாற்றும்.

எனக்கு முதல் முறை வந்தது பயிற்சி தொடங்கி ஒன்பதாவது வாரம். ஒரு நீண்ட மண்டபம், வாசலில் நூற்றுக்கணக்கான செருப்பு ஜோடிகள், என்னுடையது மட்டும் இல்லை. குனிந்து தேடத் தொடங்கியவன் பாதியில் நிமிர்ந்தேன். மறுபடியும் செருப்பா? மூக்கைப் பிடித்தேன், காற்று உள்ளே போயிற்று. இந்த முறை ‘நல்லது’ என்று சொல்லிவிட்டு நடக்கவில்லை. வெறுங்காலுக்கு அடியில் கல் தரை சில்லென்று இருந்தது. அதன் கோடுகளைப் பார்த்துக்கொண்டே ஏழெட்டு அடி வைத்திருப்பேன், அதற்குள் கூரை கரைந்து அறையின் மின்விசிறி தெரிந்தது. விளக்கைப் போட்டு நோட்டில் எழுதினேன்: “மண்டபம். செருப்பு இல்லை. தேடவில்லை.”